ஓதுவித்து அறிவோர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்புகிறார்கள். உபாத்தியாயராகிய நம் கண் மட்டும் வேறொரு நிபந்தனையில் போய் நிற்கும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய சாசனங்கள் அவை. சபைக்கு வருகிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். அதோடு, கற்றதைப் பிறருக்கு ஓதுவித்து அறிந்தவனாகவும் இருக்க வேண்டும். ஒரு வேதத்தில் வல்லவனாய், ஒரு பாஷ்யத்தை எடுத்து விளக்கவும் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலியே போதுமாம்! கற்பிக்கத் தெரிந்தவனுக்குச் சொத்தில் பாதியைத் தள்ளுபடி செய்த ஊர் இது.

இன்று தனியார் பள்ளிகளில் இங்கிலீஷ் ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களையும் ஓதுவித்துக் காட்டத்தான் சொல்கிறார்கள். 'டெமோ கிளாஸ்' என்று அதற்குப் பெயர்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, நம்மிடம் படித்த பெண்ணொருத்தி வந்தாள். எம்.ஏ., பி.எட். தேறியவள். இரண்டு பள்ளிகளில் மாதிரிப் பாடம் நடத்தி, 'சொல்லியனுப்புகிறோம்' என்ற பதிலோடு திரும்பியவள். ஒரகடத்துத் தொழிற்சாலை பஸ் தினமும் அவள் ஊர் வழியாகத்தான் போகிறது. மூன்றாவதும் தவறினால் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்று தகப்பனார் சொல்லிவிட்டாராம். பாடம் புதன்கிழமை.

நோட்டைக் காட்டினாள். இருபது நிமிஷப் பாடத்துக்குப் பன்னிரண்டு பக்கம்! 'பிரிபொசிஷன்' என்பதற்கு மூன்று இலக்கணம், இருபத்திரண்டு உதாரணம்.

"இதில் பிள்ளைகள் எங்கே அம்மா பேசுகிறார்கள்?" என்றோம்.

"கடைசியில் ஐந்து நிமிஷம் விட்டிருக்கிறேன், ஸார்."

நமக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன் நாமும் முதல் மாதிரிப் பாடத்தில், கல்லூரியில் சேர்த்து வைத்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டித் தீர்த்தோம். பரீட்சிக்க வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர், மூன்றாவது பெஞ்சிப் பையனை எழுப்பி, "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்றார். பையன் ஜன்னலைப் பார்த்தான். வேலை கிடைக்கவில்லை.

ஆகவே இருபத்திரண்டு உதாரணங்களையும் அடித்துவிட்டு மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டோம்: ஆன், இன், அண்டர். தமிழில் 'மேசைமேல்' என்கிறோம். இடத்தைச் சொல்லும் சொல் பின்னால் வருகிறது. இங்கிலீஷில் அது முன்னால் வர வேண்டும். பிள்ளை 'டேபிள் ஆன்' என்று சொல்வது சோம்பலால் அல்ல, தாய்மொழி இழுக்கிறது. அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் இருபது நிமிஷத்துக்கு அதுவே தாராளம். ஒரு டம்ளரை மேசைமேல் வை, சொல். கீழே வை; சொல். பிறகு பிள்ளை வைக்கட்டும், வகுப்பு சொல்லட்டும். பிறகு பிள்ளை உத்தரவிடட்டும், நீ வை. காதிலும் வாயிலும் ஏறிய பிறகே கரும்பலகைக்குப் போ.

இது நாம் கண்டுபிடித்ததல்ல. 1959-ல் சென்னை ராஜ்யத்தில், பயின்ற ஆசிரியர் மற்றவர்களைப் பயிற்றுவிப்பது என்ற ஏற்பாட்டில், சுமார் 27,000 பேருக்கு இந்த மாதிரி முறையைக் கொண்டுபோக முயன்றார்கள். அதுவும் கிளிப்பிள்ளைப் பாடமாகிவிட்டது என்று கண்ட என். எஸ். பிரபு, 1979 முதல் தென்னிந்தியப் பள்ளிகளில் வேறு சோதனை செய்தார். ரயில் அட்டவணையைக் கையில் கொடுத்துக் கணக்குக் கேட்டால், யோசிக்கும்போதே பாஷை வரும் என்பது அவர் கட்சி. நமக்கு இரண்டிலும் கொஞ்சம் வேண்டும்.

"பிள்ளைகளே இல்லாமல் நிர்வாகிகளே பெஞ்சியில் உட்கார்ந்தால்? தாளாளரை எழுந்து நிற்கச் சொல்லலாமா, ஸார்?"

"நிற்கச் சொல்லாதே. டம்ளரை அவர் கையில் கொடு."

அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மூவரைக் கூப்பிட்டு ஒத்திகை நடந்தது. ஆறாம் நிமிஷம் வரை அவள் கண் நோட்டிலேயே இருந்தது. ஏழாம் நிமிஷம் சின்னவன் டம்ளரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "ஆன் மை ஹெட், மிஸ்!" என்று கத்தினான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "இன்னும் எங்கே வைக்கலாம்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். அதற்குப் பிறகு நோட்டின் பக்கம் அவள் திரும்பவில்லை.

இதை எழுதும் இன்று செவ்வாய் இரவு. பன்னிரண்டு பக்க நோட்டு நம் மேசைமேல் கிடக்கிறது. டம்ளரைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.