பெறுநர், பொருள், பார்வை

உள்ளாட்சி அலுவலகப் பணிக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது எப்படி என்று கற்றுத்தரும் கையேடுகளைச் சில நாட்களாக வாசித்துக்கொண்டிருந்தோம். அவற்றைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

எல்லாக் கையேடுகளும் ஏறத்தாழ ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகின்றன. “நீ இருபது ஆண்டு அனுபவம் உள்ள அதிகாரி” என்று இயந்திரத்திடம் முதலில் சொல்லவேண்டுமாம். பிறகு “சிறந்த முறையில் ஓர் அறிவிப்பு எழுது” என்று கேட்கவேண்டுமாம். ஆங்கிலத்தில் கேட்டு வாங்கித் தமிழாக்கிக்கொள்வது இன்னும் நல்லதாம். இதற்கு ‘பிராம்ப்ட் எழுதும் கலை’ என்று பெயர். எங்களுக்கோ இது கலையாகவும் தோன்றவில்லை, எழுத்தாகவும் தோன்றவில்லை. வேப்பிலையைக் கையில் கொடுத்து மருத்துவர் என்று அனுப்பிவைப்பதைப் போன்றது இது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தப்படுகிறது. ஊராட்சிச் செயலர் மேற்படி மந்திரத்தைச் சொல்லி அறிவிப்பு கேட்கிறார். இயந்திரம் என்ன தரும்? “பொதுமக்களின் நலனைக் கருத்தில் கொண்டு மேற்கொள்ளப்படும் இன்றியமையாப் பராமரிப்புப் பணிகளின் பொருட்டு” என்று தொடங்கி, “தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு” என்று முடியும் நான்கு பத்திகளைத் தரும். இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் குடத்துடன் தெருவில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியவேண்டியது இரண்டே செய்திகள்: தண்ணீர் எப்போது வரும், அதுவரை லாரி எங்கே நிற்கும். அந்த இரண்டும் அதில் இருக்கா. மோசமானால் இயந்திரமே ஒரு தேதியைக் கற்பனை செய்து போட்டிருக்கும்.

பிழை இயந்திரத்தினுடையது அன்று, கேட்டவருடையது என்றே நாங்கள் கருதுகிறோம். பிராம்ப்ட் என்பதற்கு அலுவலகத்தில் ஏற்கெனவே நல்ல சொல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: பணிப்புரை. பணியைத் தெளிவாக எண்ணிப் பார்க்காதவர் பணிப்புரையைத் தெளிவாக எழுத முடியாது. தாம் எழுதவேண்டிய கடிதத்தின் தலைப்பகுதியையே இவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. பெறுநர், பொருள், பார்வை என்ற மூன்றும் எந்தக் கையேட்டையும்விடச் சிறந்த ஆசான்கள்.

பெறுநர்: இதை யார் வாசிக்கப்போகிறார்? கண்ணால் வாசிப்பாரா, ஒலிபெருக்கியில் கேட்பாரா? பொருள்: சொல்லவேண்டிய ஒன்று எது? பார்வை: எந்த மனுவின்மீது, எந்த விதியின்படி, எந்தத் தீர்மானத்தின் அடிப்படையில் எழுதுகிறோம்? அந்த விதியின் வாசகத்தை நாமே எடுத்து இயந்திரத்தின் முன் வைக்கவேண்டும். நினைவிலிருந்து சொல் என்று அதனிடம் கேட்டால் இல்லாத அரசாணைக்கும் எண்ணும் நாளும் கொடுத்துவிடும்.

இது வீண் அச்சம் அன்று. நோர்வேயின் துரோம்சோ நகராட்சியில் பள்ளிகளை மூடி இணைப்பது குறித்து ஓர் அறிக்கை தயாரானது. அதில் சான்றாகக் காட்டப்பட்ட ஆய்வுகளிலும் நூல்களிலும் பல எங்குமே இல்லாதவை என்பதை 2025இல் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று வெளிக்கொணர்ந்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதை நகராட்சி ஒப்புக்கொண்டது. நியூயார்க் நகர நிர்வாகம் தொழில் நடத்துவோருக்காக 2023இல் தொடங்கிய உரையாடு கருவி, ஊழியருக்கு வாடிக்கையாளர் தரும் அன்பளிப்புப் பணத்தில் முதலாளி பங்கெடுக்கலாம் என்று சட்டத்துக்கு மாறாகச் சொன்னது 2024இல் அம்பலமானது. செல்வ நாடுகளின் நகராட்சிகளுக்கே இந்த நிலை என்றால், சரிபார்க்க ஆளில்லாத ஊராட்சி அலுவலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே அந்தத் தண்ணீர் அறிவிப்புக்கான பணிப்புரை இப்படி இருக்கலாம் என்கிறோம்: “கீழே உள்ள விவரங்களை மட்டும் பயன்படுத்து. 3, 4ஆம் வார்டு மக்களுக்கான அறிவிப்பு இது. ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும், அறுபது சொல்லுக்குள் சிறு வாக்கியங்களாக எழுது. நிறுத்தும் நாள், மீண்டும் வரும் நேரம், லாரி நிற்கும் இடம், கேட்கவேண்டிய ஆள் என்ற வரிசை மாறக்கூடாது. விவரம் இல்லாத இடத்தில் ‘விவரம் தேவை’ என்று எழுது, நீயாக நிரப்பாதே.” இதில் மந்திரம் ஏதுமில்லை. எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்த்த ஒருவர் இருக்கிறார், அவ்வளவே.

தண்ணீர் அறிவிப்பில் பிழை நேர்ந்தால் இரண்டு நாள் துன்பத்தோடு போய்விடும். கிராம சபை நடவடிக்கைக் குறிப்பில் நேர்ந்தால் அது நிலைத்துவிடும். “இதைச் சுருக்கு” என்று மட்டும் சொன்னால் இயந்திரம் மேடுபள்ளங்களைச் சமன்செய்துவிடும். சுடுகாட்டுக்குப் பாதையில்லை என்று ஒரு தெருவின் மக்கள் எழுந்து நின்று கேட்டது, “பொதுமக்கள் பல்வேறு கருத்துகளைத் தெரிவித்தனர்” என்று ஆகிவிடும். நாளை அம்மக்கள் மேலே முறையிடும்போது காட்டுவதற்கு அந்த ஏடுதான் உண்டு. அதில் அவர்கள் குரல் இல்லை. ஒவ்வோர் எதிர்ப்பையும் தனித்தனியே, எழுப்பியவர் சொன்ன சொல் மாறாமல் பதிவுசெய் என்று பணிக்காத பிராம்ப்ட், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அநீதிக்குத் துணைபோவதே.

மனுதாரரின் ஆதார் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அப்படியே பொதுக் கருவிகளில் ஒட்டுவதையும் இங்கே கண்டிக்கவேண்டும். தனிநபர் தரவுக்கான சட்டம் 2023இலேயே இயற்றப்பட்டுவிட்டது. கடிதம் வரைய எண்கள் தேவையில்லை. அவற்றைக் கடைசியில் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

இயந்திரம் தமிழைத் தொடவே கூடாது என்று சொல்லும் இலக்கிய நண்பர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின்னும் கோப்புத் தமிழ் மக்களுக்கு விளங்கும் தமிழாக ஆகிவிடவில்லை. இயந்திரம் இன்று எழுதும் இறுகிய நடை, நாம் பல்லாண்டுகளாக எழுதிக் குவித்த நடையின் எதிரொலிதான். நகராட்சி ஆணையராக இருந்துகொண்டே ஆட்சிச் சொற்களைத் தமிழில் ஆக்கிய கீ. இராமலிங்கனார் போன்றோர் காட்டிய வழியைக் கைவிட்டது நாம்தான், கணினி அன்று. எளிய தமிழில் எழுது என்று பணித்தால் அது எழுத முயல்கிறது. அந்த எளிமை சரியானதா என்று பார்க்கத் தமிழ் அறிந்த கண் ஒன்று வேண்டும்.

நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறது. மயங்க வைத்தல் அவற்றில் ஒன்று. ஐம்பது பிராம்ப்டுகளை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சியாளர்கள் அந்தப் பத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வகுப்பெடுக்கட்டும். கடிதத்தின் அடியில் ஒப்பமிடுவது இயந்திரம் அன்று, செயலர். தம் ஒப்பத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அவரே பொறுப்பு.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுக, விவாதிக்கக் காத்திருக்கிறோம்.