கருக்கலைப்பு: சட்டம் கேட்காததை மருத்துவமனை ஏன் கேட்கிறது?

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா. அவர் கையெழுத்து போட்டாத்தான் பண்ணுவோம்.”

கருக்கலைப்புக்காக அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண்கள் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. சொல்கிறவருக்கும் இது தவறென்று தோன்றுவதில்லை. கேட்கிற பெண்ணுக்கும் தோன்றுவதில்லை. ஆனால், இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கையெழுத்துக்கு இடமே கிடையாது.

1971-ல் இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பெண்ணுக்கு 18 வயது நிறைந்துவிட்டால் அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். 18 வயதுக்குக் குறைந்தவர், மனநோய் உள்ளவர் என்றால்தான் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கணவர், அப்பா, மாமியார் யாருடைய சம்மதமும் தேவையில்லை. திருமணச் சான்று, ஆதார் அட்டை என்று எதையும் சட்டம் கேட்கவில்லை. ஒப்புதலுக்கான ‘படிவம் சி’யில் கையெழுத்திட வேண்டியவர் அந்தப் பெண்தான்.

சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அப்படியானால் பெண்கள் எங்கே போகிறார்கள்? ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2018-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு இது: 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி. அவற்றில் மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம் மட்டுமே. 73 சதவீதம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நடந்தவை. மீதி 5 சதவீதம் வேறு முறைகளில். மருத்துவமனையில் நடந்த அந்த 22 சதவீதத்திலும் பெரும்பகுதி தனியாருடையது. விவரம் திரட்டப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

மாத்திரை சாப்பிடுவதே ஆபத்து என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஆரம்ப வாரங்களில், சரியான அளவில் எடுத்தால் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் மிகவும் பாதுகாப்பானவை. இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. எத்தனை வாரம் ஆகிறது, கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு வரைக்கும் சாதாரணம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் பிரச்சினை. இலவசமாக அதைச் சொல்ல வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. அங்கே போகத்தான் பெண்கள் தயங்குகிறார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் கையெழுத்து மட்டும் இல்லை. ஏற்கெனவே இரண்டு குழந்தை உள்ள பெண் போனால், “இப்பவே ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன் பண்ணிக்கோ, இல்லேன்னா காப்பர்-டி போட்டுக்கோ” என்று நிபந்தனை போடுவது தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம். கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. அதைச் செய்தால்தான் இதைச் செய்வேன் என்பது பேரம். திருமணமாகாத பெண் போனால் முதலில் கிடைப்பது ஏச்சு. அப்புறம்தான் சிகிச்சை, அதுவும் கிடைத்தால்.

வாரங்களில் ஓடும் கடிகாரம்

‘நாளைக்கு வா’, ‘அடுத்த வாரம் அந்த டாக்டரம்மா வருவாங்க’, ‘ஸ்கேன் எடுத்துட்டு வா’ எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயங்கள். ஆனால், கருக்கலைப்பில் எல்லாமே வாரக்கணக்கு. 9 வாரம் வரை மாத்திரை போதும். அதைத் தாண்டினால் உறிஞ்சி எடுக்கும் முறை. 12 வாரம் தாண்டினால் படுக்கையில் சேர வேண்டும். தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், சிறுமிகள், கர்ப்பகாலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்ற சில பிரிவினருக்குத்தான். 24 வாரத்துக்கு மேல், கருவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால்தான்.

7-வது வாரத்தில் வந்த பெண்ணை மூன்று முறை திருப்பி அனுப்பினால் அவர் 10-வது வாரத்தில் நிற்பார். மாத்திரையோடு முடிய வேண்டியது கருவி சிகிச்சை ஆகிவிடும். தாமதத்தை உண்டாக்கியது மருத்துவமனை. அதன் வலியையும் ஆபத்தையும் சுமப்பது பெண்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. தாய் இறப்பைக் குறைப்பதில் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் இது. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்து, ‘பிக்மி’ எண் வாங்கினால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு அருமையான ஏற்பாடு. வேண்டாம் என்று நினைப்பவருக்கோ அதே பதிவேடு கண்காணிப்பாகத் தெரிகிறது. கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் ஏறிவிட்ட கர்ப்பம் திடீரென்று இல்லாமல் போனால் “என்னாச்சு?” என்ற கேள்வி வரும், கேள்வி தெருவுக்கும் வரும். பெண்ணின் விவரத்தை வெளியிடுபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை என்று 2021 திருத்தம் சொல்கிறது. தெருவுக்கு அந்தப் பிரிவு தெரியாது.

மருந்துக்கடைகளும் கைவிரிக்கின்றன. பாலினத் தேர்வைத் தடுக்கிறோம் என்ற பெயரில் வந்த கெடுபிடிகளால் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகள் இந்த மாத்திரைகளை வைப்பதையே நிறுத்திவிட்டன. இதில் தர்க்கமே இல்லை. மாத்திரைக்கு அனுமதி 9 வாரம் வரை; ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று நம்பகமாகத் தெரிவது அதற்குப் பிறகுதான். சீட்டு எழுதித் தரும் மருத்துவரிடமே பெண் போனாலும், அந்தச் சீட்டுக்கு மருந்து தேடி அலைய வேண்டியிருக்கிறது.

மருத்துவர்களின் பயம்

எல்லாப் பழியையும் மருத்துவர்கள் மேல் போடுவது சரியல்ல. கருச்சிதைவு ஏற்படுத்துவது இந்தியாவில் இன்றைக்கும் குற்றம்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவு. 1971 சட்டம் பெண்ணுக்கு உரிமை தரவில்லை; நல்லெண்ணத்தோடு செயல்படும் மருத்துவருக்கு அந்தக் குற்றத்திலிருந்து விலக்கு தருகிறது. கேட்டவுடன் கிடைக்கும் சேவையாக இல்லாமல், மருத்துவர் ‘கருத்து’ சொல்லி அனுமதிக்கும் சலுகையாக அது நிற்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தப்பு நடந்தால் மாட்டிக்கொள்வது தான் என்று தெரிந்த மருத்துவர் கூடுதலாக ஒரு கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

சிறுமிகள் வந்தால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் என்றதும் குடும்பம் ஓடிவிடுகிறது. இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகவே சொன்னது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவருடைய பெயர், அடையாளத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை. திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரையிலான சலுகை உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. ஆனால், தாலுகா ஆஸ்பத்திரியின் சீட்டுப் போடும் இடத்துக்கு அது ஒரு சுற்றறிக்கையாகப் போய்ச் சேர்ந்தால்தானே பயன்?

பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை என்பது அரசின் வழக்கமான பதில். 2014-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவிலேயே செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப வாரக் கருக்கலைப்பை ஒப்படைக்கும் யோசனை இருந்தது. 2021 திருத்தத்தில் அது காணாமல் போய்விட்டது. பக்கத்து நேபாளத்தைப் பாருங்கள். அங்கே 2002-ல்தான் சட்டபூர்வமானது. பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களே இன்று மாத்திரை கொடுக்கிறார்கள்; 2016 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மலைப் பாதையில் செவிலியரால் செய்ய முடிவதை, ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் உள்ள தமிழ்நாட்டில் ஏன் செய்ய முடியாது?

அதற்கெல்லாம் நாடாளுமன்றம் வேண்டும். காசே செலவாகாத வேலை ஒன்றை மாநில சுகாதாரத் துறை நாளைக்கே செய்யலாம். எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் ‘கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று கண்டறிவது குற்றம்’ என்ற பலகை இருக்கும், இருக்கவும் வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்தே, கருவைக் கலைப்பதும் குற்றம் என்று நம்பிவிட்டவர்கள் ஏராளம். அதன் பக்கத்தில் இன்னொரு பலகை: ‘20 வாரம் வரை கருக்கலைப்பு சட்டப்படி செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். கருத்தடை செய்துகொள்ளக் கட்டாயம் இல்லை. மறுத்தால் 104-ல் புகார் செய்யலாம்.’