மாலுக்குப் பக்கத்திலா? அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் பிரிண்டர் ரிப்பேர் முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாம் தெரியும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். சென்னைக்கு வந்து இரண்டு நாள் தங்கி ஏதாவது ஒரு ஷாப்பிங் மாலைச் சுற்றிப் பார்க்க நினைக்கும் உறவினர்கள் எல்லோருக்கும் ஹோட்டல் தேடித் தரும் வேலை என் தலையில்தான் விழும். இப்போது அவர்களில் பலர் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். அதனால் தேடித் தருவதைக் குறைத்துக்கொண்டு, எப்படித் தேட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். நான் முதலில் சொல்வது, திரையில் தெரியும் 'மாலுக்கு அருகில்' என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள் என்பதுதான்.

அந்த 'அருகில்' எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஹோட்டலுக்கு ஒரு அட்சரேகை, தீர்க்கரேகை. மாலுக்கு ஒரு அட்சரேகை, தீர்க்கரேகை. இந்த நான்கு எண்களையும் ஹாவர்சைன் என்ற சூத்திரத்தில் போட்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கிடைத்துவிடும். சர்வருக்கு இது ஒரு நொடி வேலைகூட இல்லை. ஆனால் கிடைப்பது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா, குறுக்கே கடக்க முடியாத சாலை இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, வரைபடத்தில் மாலின் குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும், வாசலில் இருக்காது. மால் சின்னக் கட்டடமா என்ன?

ராயப்பேட்டையில் இருக்கும் எக்ஸ்பிரஸ் அவென்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூர், புதுப்பேட்டை பக்கம் உள்ள ஒரு லாட்ஜ் வரைபடத்தில் அதற்குக் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் நடுவில் கூவம் ஓடுகிறது. பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். அதைத் தாண்டினால் அண்ணா சாலை.

வேளச்சேரி கதை வேறு. அங்கே ஏமாற்றுவது ஊர்ப் பெயர்தான். ஃபீனிக்ஸ் மால், கிண்டியிலிருந்து வரும் வேளச்சேரி மெயின் ரோட்டில் ஒரு கோடியில் இருக்கிறது. வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையம் இன்னொரு கோடியில். இரண்டுமே வேளச்சேரிதான். என் பெரியம்மா குடும்பம் ஒரு முறை 'வேளச்சேரி, மால் அருகில்' என்று போட்டிருந்த ஒரு விடுதியில் அறை எடுத்தது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. நடந்து போய்விடலாம் என்று நம்பி வந்தவர்கள், இரண்டு நாளும் போக ஒரு ஆட்டோ, வர ஒரு ஆட்டோ என்று கொடுத்த பணத்தில் இன்னும் நல்ல அறையே எடுத்திருக்கலாம். விடுதிக்காரர் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. ஊர் வேளச்சேரிதானே!

சரி, வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்? இதைப் போனில் செய்வதைவிடப் பெரிய திரையில் செய்வதே நல்லது என்பது என் கருத்து. ஒரு டேபில் ஹோட்டல் பட்டியலும் இன்னொரு டேபில் கூகுள் மேப்ஸும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலிலிருந்து மாலுக்கு வழி கேட்டு, நடந்து போகும் மனிதர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். வருவது நடக்க வேண்டிய தூரம். ஹோட்டல் தளம் சொன்ன தூரத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரிந்துவிடும். மாலின் எந்த வாசல் என்பது முக்கியம் என்றால், வரைபடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தெரு வளையும் இடங்களில் எல்லாம் கிளிக் செய்துகொண்டே போய் வாசல் வரை நீங்களே அளந்துவிடலாம்.

அடுத்து, திரையின் வலது கீழ் மூலையில் நிற்கும் மஞ்சள் பொம்மையை இழுத்து ஹோட்டல் இருக்கும் தெருவில் விடுங்கள். ஸ்ட்ரீட் வியூ திறக்கும். இந்தியாவில் இந்த வசதி 2022 ஜூலையில்தான் முறையாக வந்தது. முதல் பட்டியலிலேயே சென்னை இருந்தது. நடைபாதை இருக்கிறதா, தெரு இரவில் நடக்கும்படி இருக்குமா, விளம்பரத்தில் அகலமாகத் தெரிந்த வாசல் நிஜத்தில் இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு மாடிப்படிதானா என்பதெல்லாம் தெரிந்துவிடும். படம் எடுத்த மாதமும் வருடமும் அங்கேயே போட்டிருக்கும், அதையும் பாருங்கள். மெட்ரோ வேலைகளால் சென்னையில் பல சாலைகள் முகம் மாறியிருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையில் நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு மாலுக்குப் பக்கத்தில் அறையே தேவையில்லை. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். தென் மாவட்ட ரயில்களில் பல எழும்பூருக்கு வருகின்றன. எதிரே கென்னட் லேனில் எல்லா விலையிலும் லாட்ஜ்கள் இருக்கின்றன. எழும்பூரில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமல் திருமங்கலத்தில் இறங்கி வி.ஆர். மாலுக்குப் போகலாம். அதே வண்டியில் இன்னும் சில நிலையங்கள் தள்ளி வடபழனியில் இறங்கினால் நெக்ஸஸ் விஜயா மால். ஒரே அறை, ஒரே ரயில், இரண்டு மால்! பகலில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரவுக் காட்சி சினிமா பார்க்கிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், என் பெரியம்மா மாதிரி நடக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு மட்டும் மால் பக்கத்து அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. படம் முடியும்போது மெட்ரோ ஓடாமல் போகலாம்.

இனி பணம். பட்டியலில் முதலில் நிற்கும் ஹோட்டல்தான் சிறந்தது என்று நினைக்காதீர்கள். தளத்துக்குக் கிடைக்கும் கமிஷனும் அந்த வரிசையைத் தீர்மானிக்கலாம். 'ஒரே ஒரு அறைதான் பாக்கி' என்று சிவப்பு எழுத்தில் வந்தாலும் பதற வேண்டாம். அது அந்தத் தளத்துக்கு ஒதுக்கப்பட்ட அறைகளின் கணக்காக இருக்கலாம், ஹோட்டலில் காலி அறைகள் இருக்கும். இல்லாத அவசரத்தை இருப்பதுபோலக் காட்டுவதும், முதலில் ஒரு விலை காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சேர்ப்பதும், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் அடங்கும். வரியையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இதைத் தாண்டி 'சேவைக் கட்டணம்' என்று ஏதாவது ஏறியிருந்தால் என்னவென்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஹோட்டலுக்கே நேரடியாகப் போன் செய்து விலை கேட்பது நல்ல பழக்கம். அதே தேதிக்கு விலை குறைவாகக் கிடைப்பதும் உண்டு. ஆனால் எந்த எண்ணுக்குப் பேசுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ஹோட்டல்களின் பெயரில் போலித் தளங்களைத் தொடங்கி, அட்வான்ஸ் அனுப்பச் சொல்லி யு.பி.ஐ. எண் கொடுக்கும் கும்பல்கள் இருக்கின்றன. தேடியதும் மேலே விளம்பரமாக வரும் தளத்தில் உள்ள எண்ணையும், கூகுள் மேப்ஸில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு என்றால் பணம் அனுப்பாதீர்கள். முழுத் தொகையையும் முன்பே கேட்டால் வேறு ஹோட்டல் பார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். அதில் தாமதம் கூடாது.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை நான் பார்ப்பதே இல்லை. புதியவை முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு, அங்குள்ள தேடல் பெட்டியில் 'லிஃப்ட்', 'தண்ணீர்', 'சத்தம்' என்று ஒவ்வொன்றாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துப் பார்ப்பேன். நவம்பர், டிசம்பரில் வருகிறீர்கள் என்றால் 'மழை' என்றும் தேடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி தண்ணீரில் நின்றது.

இன்னொன்று, பஸ்ஸில் வருகிறவர்களுக்கு. கோயம்பேட்டில் இறங்குவோம், அதனால் வடபழனி வசதி என்ற பழைய கணக்கு இப்போது பொருந்தாது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் பஸ்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன. விடியற்காலையில் பெட்டியோடு இறங்கி நகரத்துக்குள் வந்து சேர வேண்டும். பல ஹோட்டல்களில் அறை கிடைப்பது மதியம் 12 மணிக்கு மேல்தான். அதுவரை பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று பதிவு செய்யும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.