ஜப்பான் எழுந்துவிட்டால் குண்டு நியாயமாகிவிடுமா?

"ரெண்டு அணுகுண்டு விழுந்த ஜப்பான் எழுந்து நிக்கலையா?" எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து, "நாமும் ஒண்ணு போட்டு முடிச்சிட வேண்டியதுதானே" என்பார்கள். நாடு மீண்டுவிடும் என்றால் குண்டு போடுவது பெரிய பாவமில்லை என்றாகிவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. பீங்கான் வேக 1,250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதை மணிக்கணக்கில் மெல்ல ஏற்றுவோம். அவசரப்பட்டால் சரக்கு விரிசல் விட்டுவிடும். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தபோது, நேர் கீழே தரை 3,000 முதல் 4,000 டிகிரி வரை கொதித்தது. அதுவும் சில விநாடிகளில். சுமார் 600 மீட்டர் தூரம் வரை கூரை ஓடுகளின் மேற்புறம் உருகிக் கொப்புளித்தது. ஏற்கெனவே சூளையில் வெந்து வந்த ஓடுகள் அவை. அந்த நேரம் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். விமானத் தாக்குதலில் தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து இடைவெளி விடும் வேலைக்கு அரசே அவர்களை அனுப்பியிருந்தது. ஓடே தாங்காத சூட்டில் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? எந்தப் போர் தர்மத்தில் அவர்கள் எதிரிகள்? அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள்.

ஜப்பான் மீண்டது உண்மை. மூன்றாம் நாளே ஹிரோஷிமாவில் ஒரு பகுதியில் டிராம் ஓடியது. 1949இல் நகரைக் கட்டியெழுப்பத் தனிச் சட்டம் வந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கப் படைக்குச் சரக்கு செய்துகொடுத்து ஜப்பானின் தொழிற்சாலைகள் நிமிர்ந்தன. ஒரு போரின் புண்ணை இன்னொரு போரின் பணம் ஆற்றியது. குண்டில் பிழைத்தவர்களுக்கு மருத்துவம் தரும் சட்டமோ 1957இல்தான் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே அமெரிக்க ஆய்வுக் குழு அங்கே வந்துவிட்டது. அது உடம்பைச் சோதித்துக் குறிப்பெடுத்ததே தவிர வைத்தியம் பார்க்கவில்லை. குண்டில் சிக்கி ஊர் திரும்பிய கொரியர்களுக்கு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உதவி மறுக்கப்பட்டது. நாடு எழுந்தபோது காயம்பட்டவர்கள் கடைசி வரிசையில் நின்றார்கள். அந்த மீட்சியைக் காட்டி இன்னொரு குண்டுக்கு நியாயம் கேட்பது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

தமிழ்நாட்டில் இதை உணர்ந்தவர் ராஜாஜி. 1962இல், 83 வயதில், வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். அவருடைய கட்சி அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பயணத்துக்குக் கும்பிடு போடுவேன். மறு ஆண்டே வான்வெளி, விண்வெளி, கடலடிச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை கையெழுத்தானது.

பொக்ரானில் 1974இலும் 1998இலும் நாமே குண்டு வெடித்துச் சோதித்தோம். முதலில் நாங்கள் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையை 2003இல் மத்திய அரசு முறையாக அறிவித்தது. 2019இல் அதே பொக்ரானில் நின்று, இனிமேல் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார் பாதுகாப்பு அமைச்சர். பிள்ளைகளை எரிப்பதற்கு ஏற்ற சூழ்நிலை எதுவும் கிடையாது. அடுத்த முறை கடலூர்த் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: அந்த 2003 உறுதிமொழியைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா?