நம் வீட்டுத் தோட்டமும் நகராட்சிச் சட்டமும்



“என் வீடு, என் கொல்லை. அதில் புல் வளர்ப்பேன், புதர் வளர்ப்பேன், சிமெண்டும் பூசுவேன். கேட்க நீ யார்?”

சென்ற ஐப்பசியில் கொசு ஒழிப்புப் பணிக்காக எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவிடம் என் பாட்டி கேட்ட கேள்வி இது. அன்று நானும் பாட்டியின் பக்கந்தான் நின்றேன். இன்று அப்படி நிற்க முடியவில்லை.

அந்த அக்கா பதில் பேசவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். கிரைண்டர் வந்தபின் மூலையில் தள்ளப்பட்டுக் கிடந்த ஆட்டுக்கல்லின் குழியில் டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். தேங்கிய மழைநீரில் நூல் நூலாய்ப் புழுக்கள் நெளிந்தன. அதற்கு முந்திய வாரந்தான் என் தங்கை டெங்குக் காய்ச்சலால் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பியிருந்தாள். பக்கத்து மனையின் புதரையும் அதன் சொந்தக்காரரையும் நாங்கள் திட்டாத நாளில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிடப் புதர் வேண்டியதில்லை. தேங்காய்த் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, இவற்றில் தங்கும் கையளவு நீர் போதும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் தாங்கி, அடுத்த மழையில் பொரிக்கும். அக்கொசு நெடுந்தூரம் பறப்பதுமில்லை. பிறந்த வீட்டாரையும் அண்டை வீட்டாரையுமே அது தேடி வருகிறது.

“கேட்க நீ யார்?” என்பதற்குச் சட்டம் வெகுநாள் முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறது. கொசு உற்பத்தியாகும்படி வீட்டெல்லைக்குள் நீரைத் தேங்க விடக்கூடாது என்பது 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம். தெருவை மறைக்கும் வேலியைக் கத்தரிக்கவும், விழும் நிலையிலுள்ள மரத்தைச் சீர்செய்யவும் வீட்டுக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமே தந்திருந்தது. (அடுத்த வீட்டு முருங்கைக் கிளை நம் பக்கம் சாய்ந்தால், காய் இருக்கும்வரை யாரும் சட்டம் பேசுவதில்லை, கம்பளிப்பூச்சி வந்த பிறகே பேசுகிறோம்!)

ஆயினும் என் மனத்தை உறுத்துவது வேறொரு விதி. 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு, பழைய வீடு புதிய வீடு என்ற வேறுபாடின்றி எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. செய்யாதவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அதில் இடமிருந்தது. எங்கள் வீட்டுக் குழி அவ்வாண்டு பிறந்தது, என்னைவிட மூத்தது. ஆனால் நான் அறிய ஒருமுறையேனும் அதைத் திறந்து, ஜல்லியைக் கழுவி, மணலை மாற்றியதில்லை. அதன்மேல் அப்பாவின் ஸ்கூட்டர் நிற்கிறது. போதாததற்குச் சென்ற ஆண்டு கொல்லை முழுவதும் சிமெண்ட் தளம் போட்டோம். சேறில்லை, செருப்பில் மண்ணில்லை என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர்! கார்த்திகை மாதத்தில் கடலூருக்கு இது அதிசய மழையன்று. அவ்வளவும் எங்கள் தளத்தில் வழுக்கித் தெருவுக்கு ஓடி, தாழ்வான வீடுகளுக்குள் புகுகிறது. 2015-இல் இம்மாவட்டம் வெள்ளத்தில் பட்ட பாட்டை அம்மா இன்றும் சொல்வார். கோடையிலோ அதே தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை. கடலோர ஊரில் மழைநீரை மண்ணுக்குள் விடாமல் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால், கடலின் உப்பு நீர் உள்ளே வந்துவிடும்.

எல்லா ஊருக்கும் ஒரே குழி பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். சிதம்பரத்தில் என் பெரியப்பா வீட்டுப் பக்கம் களிமண். அங்கே குழியில் விட்ட நீர் இறங்காமல் நாட்கணக்கில் நின்று கொசு வளர்த்தது. நீரைச் சேர் என்று ஒரு சட்டம், தேக்காதே என்று மற்றொரு சட்டம், நடுவில் பெரியப்பா! பிறகு குழியின் அடியில் மணற்பாங்கு வரை துளைக்குழாய் இறக்கி, மேலே கொசுவலை கட்டினார்கள். நோட்டீஸ் கொடுக்க வருபவர் இதையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லை மரத்தால் பெயர் பெற்றது சிதம்பரம். பாதிரி மரத்தால் பெயர் பெற்றது திருப்பாதிரிப்புலியூர். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலுக்குப் பின், வீட்டருகே மரம் என்றாலே பலருக்கு அச்சம். விழுந்த மரத்தை எண்ணுகிறோம். காற்றைத் தாங்கி நின்றவற்றை எண்ணுவதில்லை. கிளை கழித்தால் நிற்கக்கூடிய மரத்தை அடியோடு வெட்டுவது எந்த விதியின் கட்டளையும் அன்று.

அமெரிக்காவின் பல ஊர்களில் புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் அபராதமாம். அதே நாட்டில் பாலைவன நகரான லாஸ் வேகாஸ் பகுதியில், அழகுக்கு மட்டுமே வளர்க்கும் புல்தரைகளைத் தனி வீடுகள் அல்லாத இடங்களிலிருந்து அகற்ற 2021-இல் நெவாடா மாநிலம் சட்டம் இயற்றியது. அங்கே தண்ணீரில்லை என்று புல்லை எடுக்கிறார்கள். நமக்கு மழை இருக்கிறது. அது இறங்க மண்தான் இல்லை. ஆகவே என் கருத்து இது: வீட்டைச் சுற்றிக் காலியிடம் விடுக என்னும் கட்டட விதி, அதில் ஒரு பகுதியை மண்ணாகவே விடுக என்றும் வற்புறுத்தவேண்டும்.

“ஊர்ச் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது; அதற்கு யார் அபராதம் கட்டுவது?” என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2021-இல் மாநகராட்சியான கடலூரிலும், நகராட்சியான சிதம்பரத்திலும் அதை உரக்கவே கேட்கவேண்டும். ஆனால் என் தங்கையைக் கடித்த கொசு எங்கள் ஆட்டுக்கல்லிலேயே பிறந்திருக்கக்கூடும். கேட்கும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்துதான் வரும்.

ஆட்டுக்கல்லைப் பாட்டியே ஆள் விட்டுக் கவிழ்க்கச் சொல்லிவிட்டார். சிமெண்டை உடைக்கும்படி அப்பாவிடம் மனுக் கொடுத்தேன். கிணற்றடியிலிருந்து வேலி வரை ஆறடி அகலத்துக்குச் சம்மதித்திருக்கிறார். தை பிறந்ததும் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.