உப்பில் ஊறிய விமானம்

ஊறுகாயை ஜாடியில்தான் போட வேண்டும், அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரம் ஓட்டையாகிவிடும் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். உப்புக்கும் அலுமினியத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்! பெரும்பாலும் அலுமினியத்தால் ஆன ஒரு போர் விமானம், ஏறக்குறைய 73 வருடம் கடலில் ஊறிக்கிடந்தால் என்ன ஆகும்?

1940 ஆகஸ்ட். இங்கிலாந்தின் விமானத் தளங்களைத் தாக்க வந்த ஜெர்மனியின் டோர்னியர் 17 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று சுடப்பட்டு, குட்வின் மணல்திட்டுப் பக்கம் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 4 பேரில் 2 பேர் இறந்தார்கள். 2 பேர் சிறைப்பட்டார்கள். விமானத்தை மணல் மூடிக்கொண்டது.

இந்த ரகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. இன்று ஓரளவு முழுதாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதனால், ஒரு காலத்தில் எதிரியாக இருந்த பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகமே, 2013 ஜூன் 10-ம் தேதி அதைக் கடலிலிருந்து தூக்கி எடுத்தது.

தூக்கியதோடு வேலை முடியவில்லை. அங்கேதான் ஆரம்பமே!

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டு. அதுதான் அதற்குக் கவசம். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தக் கவசத்தைத் துளைத்துவிடும். பக்கத்திலேயே இரும்பு போல்ட் இருந்தால் இன்னும் மோசம்: இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்து ஒரு பேட்டரி போலாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். மணலுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் அரிப்பு மெதுவாக நடக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் வேகம் பிடிக்கிறது. ஆகவே, இப்படிப்பட்ட விமானத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. ஈரம் காயாமல் உப்பை வெளியேற்ற வேண்டும்.

அதற்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி நிபுணர்கள் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம்! புளிப்பு அதிகமானால் அதுவே உலோகத்தைத் தின்னும். அதனால் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கலந்தார்கள். காஸ்ஃபோர்டில் பசுமைக்குடில் போன்ற பிளாஸ்டிக் கூடாரங்களில் விமானத்தை வைத்து, அந்தக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நாள்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில்!

இன்றைய விமானங்களுக்கும் இதே விதிதான். 2023 நவம்பரில் ஹவாயில் அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் கடலில் இறங்கியது. 9 பேரும் தப்பினார்கள். சுமார் 2 வாரத்தில், காற்றடைத்த பெரிய பைகளால் மிதக்கவிட்டுக் கரையேற்றினார்கள். கடலில் விழுந்த விமானத்துக்கு முதல் சிகிச்சை நல்ல தண்ணீர்க் குளியல்தான்.

உங்கள் போன் கடலில் விழுந்தாலும் கதை இதுதான். அரிசி டப்பாவில் புதைத்தால் ஈரம் போகலாம், உப்பு போகாது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். கடைக்காரரிடம் “கடல் தண்ணீர்” என்று மறக்காமல் சொல்லுங்கள்.

டோர்னியர் இனி பறக்கப் போவதில்லை. அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கும் எண்ணமும் அருங்காட்சியகத்துக்கு இல்லை. இரு தரப்பிலும் இறந்த வீரர்களின் நினைவாக, கடல் தின்றது போக மிஞ்சியதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.