ஊசிக்குழலின் கோடுகளும் வீட்டின் மொழியும்

நீரிழிவுற்ற நாயின் ஆயுளை முடிவு செய்யும் இடம் பெரும்பாலும் மருத்துவமனை அன்று, வீடு. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்விலிருந்து இன்சுலின் கிடைத்தது. இன்று அதே மருந்தை நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அளவான உணவோடு, வாழ்நாள் முழுதும் செலுத்த வேண்டியவர் மருத்துவர் அல்லர், வளர்ப்பவர்.

பிழை நேர்வதும் அங்கேதான். ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்ட இன்சுலினும் உண்டு. 100 அலகு கொண்டதும் உண்டு. பின்னதை 40 அலகு ஊசிக்குழலில் அளந்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் செல்லும். இரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாட்டம், வலிப்பு, இறப்பு வரை செல்லக்கூடும்.

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. 2005இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அங்கு உருவானது. ஆகவே அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரில் தெலுங்கு பேசுவோரோடு தமிழ் பேசுவோரும் வாழ்கின்றனர்; நள்ளிரவில் எழும் ஐயத்துக்கு அவர்கள் கையில் விடை இருக்க வேண்டும்.

எனவே, அளவு, நேரம், சர்க்கரை சரிந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை இரு மொழிகளிலும் அச்சிட்ட தாளைத் தருவதும், முதல் ஊசியை வளர்ப்பவரையே போடச்செய்து சரிபார்ப்பதும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும். புறநோயாளர் பிரிவின் நெரிசலில் இதற்கு நேரமில்லை எனலாம். அந்தச் சில நிமிடங்களைத் தவிர்த்தால், சரியான மருந்தே தவறான அளவில் உயிரைப் பறிக்கும்.